ரெண்டு சீட் பின்னால்

ஜனவரி 20, திங்கள்

இல்லை மிஸ், எனக்குப் பயம் இல்லை. சலிப்புதான். காலை ஆறேகாலுக்கு எழுந்து, அக்காவோடு பஸ் ஏறி, ஆஸ்பத்திரி கேட்டைத் தொட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவதில் பயப்பட என்ன இருக்கிறது? நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் நீங்கள் எழுதிக் கொடுத்த கேள்வி: "பூரணி தனியாகப் போனால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள்?" அதன் கீழேயே எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகாது.

கேட்ட விவரங்கள். அக்கா பூரணி, வயது இருபத்து மூன்று. அறிவுத்திறன் குறைபாடு என்று சான்றிதழில் இருக்கிறது. அவளைப் போன்றவர்களுக்கு உங்கள் காலேஜில் நடக்கும் இரண்டு வருடப் படிப்பில் கடைசி வருடம். காலேஜ் அடையாள அட்டையைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள். நான் லோகேஷ், தம்பி, இருபது. அக்காவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் நின்றுவிட்டேன். அப்பா இல்லை. அம்மா மில்லுக்குப் போகிறார்.

நீங்கள் சொன்ன திட்டம்: முதல் வாரம் பக்கத்தில் உட்கார வேண்டும். இரண்டாம் வாரம் ரெண்டு சீட் பின்னால். மூன்றாம் வாரம் ஸ்டாப் வரை மட்டும். நான்காம் வாரம் நான் வீட்டில். அதற்குள் அவள் மூன்று விஷயம் கற்க வேண்டும்: பஸ் நம்பரைப் பார்ப்பது, போகுமா என்று கண்டக்டரிடம் கேட்பது, சரியான இடத்தில் எழுந்திருப்பது.

பிப்ரவரி 3 முதல் ஆஸ்பத்திரியின் துணி அறையில் பதினைந்து நாள் ட்ரையல். தனியாக வர வேண்டும். காலை எட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். மூன்று நாள் லேட்டானால் வெளியே. புதிதாகச் சேரும் எல்லோருக்கும் அதே சட்டமாம். தேறினால் வேலை.

இன்று என்ன நடந்தது: பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தார்.

"தம்பி, இது லேடீஸ் சீட்டு. பின்னாடி போ."

"ட்ரெய்னிங்ணா. அக்காவுக்கு."

"நல்லா இருக்குது. லேடீஸ் சீட்டுல உக்காந்து நோட்டு வேற எழுதறான்."

அக்கா சிரித்தாள். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் நின்றுகொண்டே போனேன்.

ஜனவரி 22, புதன்

நம்பர் நாற்பது ஏ. மூன்று நாளாகச் சொல்கிறேன், கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறாள். எனக்குப் பொறுமை கிடையாது. ஏழு பதினைந்துக்கு வரும் தனியார் பஸ் கிளிப்பச்சை நிறம், முகப்பில் பெரிய கிளிப் படம். "கிளியைப் பாத்தா ஏறு, கிளி இல்லாட்டி ஏறாத" என்றேன். ஐந்தே நிமிடம், முடிந்தது வேலை.

உங்களுக்காக: நம்பர் பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

(ட்ரையல் முடிந்த பிறகுதானே நோட்டை வாங்குவீர்கள். இந்தப் பக்கத்தை அதற்குள் கிழித்துவிடுவேன்.)

ஜனவரி 25, சனி

சிலிண்டர் மாற்றினேன். ரேஷன் கடையில் துவரம்பருப்பு இல்லை. பஸ்ஸில் ஒன்றும் விசேஷமில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

ரெண்டு சீட் பின்னால். அங்கிருந்து பார்த்தால் அவள் பின்னந்தலையும் ரிப்பனும் மட்டும்தான் தெரிகிறது. யாராவது அந்தப் பக்கம் நகர்ந்தால் எழுந்து நின்றுவிடுகிறேன். சீட் சரியில்லாததனால் இருக்கலாம்.

சிங்காநல்லூர் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்த்து, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, "லோகு, உன்ற டீக்கடை" என்றாள்.

"என்ன டீக்கடை? திரும்பி உக்காரு."

"நீ காலேஜ் பையோட உக்காந்திருப்ப. நான் ஸ்கூல் வேன்ல பாப்பேன். டெய்லி."

"வேற யாரையோ பாத்திருப்ப."

"ஊதா சட்டை" என்றாள். திரும்பிக்கொண்டாள்.

என்னிடம் ஊதாச் சட்டை இருந்தது உண்மைதான். ஊரில் எத்தனையோ பேரிடம் இருக்கிறது.

ஜனவரி 31, வெள்ளி

அவள் பஸ்ஸில் முன்பு தொலைந்திருக்கிறாளா என்று ஃபோனில் கேட்டீர்கள். ஒரு தடவை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளாகவே ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு டிப்போவில் கிடைத்தாள். கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தாளாம், இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு. அவ்வளவுதான். பழைய கதை.

பிப்ரவரி 3, திங்கள்

முதல் நாள். ஸ்டாப்பில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்பினேன். பிறகு பைக்கில் பஸ்ஸின் பின்னாலேயே போனேன். அவளுக்குத் தெரியாது. ஏழு ஐம்பத்திரண்டுக்கு உள்ளே போனாள்.

சாயங்காலம் அம்மாவின் மூன்று புடவைகளை எடுத்துப் போட்டு, துணி அறையில் எப்படி மடிப்பது என்று காட்டினாள். ஒரு கட்டுக்கு பெட்ஷீட் ரெண்டு, தலையணை உறை ஒன்று, பச்சைத் துணி ஒன்று. மூலையோடு மூலை சேர வேண்டும். நான் மடித்ததைப் பார்த்து, "இது நோயாளிக்குக் குடுக்க முடியாது" என்று பிரித்துப் போட்டாள்.

"பெரிய ஆபீசர்" என்றார் அம்மா.

"ட்ரையல்தாம்மா" என்றாள் அக்கா, ரொம்பப் பணிவாக.

பிப்ரவரி 5, புதன்

பின்னால் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தொப்பி போட்ட ஒரு ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்து ஏதோ சொல்கிறான். மறுபடியும் குனிகிறான். அவளும் ஏதோ சொல்கிறாள். அடுத்த ஸ்டாப்பில் பைக்கைக் குறுக்கே போட்டு, படியில் ஏறி, கையைப் பிடித்து அவளை இறக்கிவிட்டேன். அந்த ஆள் என் அப்பா வயது. மணி கேட்டிருக்கிறார். அக்கா கையில் வாட்ச் கட்டியிருந்தாள்.

பஸ் போய்விட்டது. அடுத்தது வரப் பதினேழு நிமிடம். பன்னிரண்டு நிமிடம் லேட். முதல் லேட்.

அவள் என்னைத் திட்டவில்லை. சட்டையில் என் கை பட்ட இடத்தை நீவி விட்டுக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 8, சனி

பைக் பஞ்சர். அதனால் பின்னால் போகவில்லை. அதனால் ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எத்தனை தடவை என்று ஃபோனைப் பார்த்தால் பதினான்கு என்று காட்டுகிறது. பதினான்காவது தடவை அவள் பையைத் திறந்து, மதியச் சோற்றுக்கு அடியிலிருந்து ஃபோனை எடுத்து, "என்னடா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரி ஸ்டாப் போய்விட்டது.

ரெண்டு ஸ்டாப் நடந்து வந்திருக்கிறாள். ரெண்டாவது லேட்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அம்மா மீன் கழுவிக்கொண்டே கேட்டார். "ரெண்டு லேட்டும் யாரால?"

"ட்ராஃபிக்கும்மா."

"உன்ற மூஞ்சிதான் ட்ராஃபிக். புள்ளைய வேலைக்கு அனுப்பறமா, இல்ல நீ அவளப் புடிச்சு வெச்சுக்கறயா?"

"ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா நானும்தான் சாவேன். அதுக்குன்னு நான் மில்லு வேலைய உட்டுப்போட்டு அவ பின்னாடி ஓடறனா?" கத்தியைக் கீழே வைத்தார். "நாளையிலிருந்து வீட்டுல இரு. மிஸ்ஸு சொன்ன மாதிரி."

பிப்ரவரி 10, திங்கள்

வீட்டில் இருந்தேன். ஏழு ஐந்துக்குப் போனாள். கதவு வரை வந்தேன். உள்ளே போய்ப் பாத்திரம் விளக்கினேன். விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்கினேன். ஏழு ஐம்பத்தாறுக்கு ஒரு மிஸ்டு கால். உள்ளே போய்விட்டேன் என்று அர்த்தம். உட்கார்ந்தேன். அதற்கப்புறம் சாயங்காலம் வரை எனக்கு எந்த வேலையும் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

நேற்றும் இன்றும் மிஸ்டு கால் சரியாக வந்தது. வீட்டில் நான் மட்டும். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் இவ்வளவு இருக்கும் என்று தெரியாது. பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இதை ஆஸ்பத்திரிக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டு பைக் பெட்டியில் இருந்தது. எழுதாவிட்டால் கேட்டை உடைத்துவிடுவேன் போலிருக்கிறது.

ஏழு பதினேழுக்கு அக்கா ஃபோன் செய்தாள். கிளி இல்லை என்றாள். அப்படியானால் அங்கேயே நில் என்றேன். ஏழு இருபத்தைந்துக்கும் வரவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஸ்டாப்பில் நின்றிருந்தாள். பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பக்கத்தில் இளநீர்க்காரர்.

"பச்ச வண்டிங்களா தம்பி? அது எஃப்.சி.க்குப் போயிருச்சு. வருசா வருசம் பெயின்ட் அடிச்சு ஆர்.டி.ஓ.வுக்குக் காட்டோணுமில்ல. வேற வண்டி உட்டிருக்கறாங்க, வெள்ளக் கலரு. அது அப்பவே போயிருச்சே. கண்டக்டரும் புது ஆளு."

எஃப்.சி. முடிந்து வரும்போது எந்தக் கலரில் வருமோ. கிளியே இல்லாமல்கூட வரலாம்.

மணி ஏழு முப்பத்தொன்று. பைக்கில் போனால் ஏழு ஐம்பதுக்கு இறக்கிவிடலாம். ஆனால் கேட்டில் யாராவது பார்த்தால் தனியாக வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். பஸ்ஸுக்கு நின்றால் லேட். மூன்றாவது லேட்.

"ஏறு, போலாம்" என்றேன்.

"மாட்டேன்."

"அக்கா, விளையாடாத. லேட்டானா வேலை போயிரும்."

"நீ வீட்டுலதான இருக்கோணும்?" என்றாள். "போ."

ஏழு முப்பத்து நாலுக்கு முகப்பில் பிங்க் அடித்த கவர்மென்ட் பஸ் ஒன்று வந்தது. அவள் ஓரமாக நகர்ந்து, தலையைத் தூக்கி, போர்டை விரலால் தொடுவது போல் காற்றில் காட்டி வாய்க்குள் படித்தாள். படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு கண்டக்டரைக் கேட்டாள்: "அண்ணா, ஆஸ்பத்திரி ஸ்டாப் போகுங்களா?"

"போகும், ஏறும்மா, சீக்கிரம்."

ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னாலேயே போனேன். ஹோப்ஸ் சிக்னலில் பஸ் தாண்டிவிட்டது, எனக்குச் சிவப்பு. நூற்றிருபது நொடி. தாண்டி வந்தால் முன்னால் மூன்று பஸ், மூன்றுக்கும் முகப்பில் பிங்க். ஒவ்வொன்றின் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றிலும் அவள் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எட்டு நாலு. கேட்டில் அவள் இல்லை. மிஸ்டு காலும் வரவில்லை.

செக்யூரிட்டியிடம் கேட்டேன்.

"துணி ரூமு ஸ்டாஃப்பா? பின் கேட்டு. அதப் பத்தி எனக்குத் தெரியாது தம்பி. நீங்க யாரு?"

நான் யார் என்று சொல்ல முடியாது. தம்பி வந்து கேட்டான் என்று உள்ளே சொல்லிவிட்டால்? "ஒண்ணுமில்லீங்" என்று வந்துவிட்டேன்.

8.25. ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. உள்ளே ஃபோனைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அதனால் இருக்கலாம். பஸ்ஸிலேயே எங்கேயோ போய்க்கொண்டிருப்பதாலும் இருக்கலாம்.

8.40. இந்த பஸ்ஸெல்லாம் கடைசியில் எங்கே போகும் என்று ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கேட்டேன். காந்திபுரம் என்றார். அங்கிருந்து? "அங்கிருந்து எங்க வேணாலும் போலாம் தம்பி" என்றார். நல்ல மனுஷன். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

8.55. உங்களுக்கு ஃபோன் செய்தால் நீங்கள் ஒரு நிமிடத்தில் விசாரித்துச் சொல்லிவிடுவீர்கள். ஆனால் நம்பர் தெரிந்தவள் எப்படி பஸ்ஸை விட்டாள் என்று கேட்பீர்கள். கிளியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

9.05. வலது கை மரத்துவிட்டது. அவள் தொலைந்த அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது. கிரிக்கெட் மட்டையைப் பிடித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு முழுக்க ஓடினேன்.

9.10. உங்களுக்கு ஃபோன் செய்துவிட்டேன்.

"மிஸ், நான் லோகேஷ். அக்காவுக்கு நான் நம்பர் சொல்லிக் குடுக்கல மிஸ். கலர்தான் சொல்லிக் குடுத்தேன். பொய் எழுதிட்டேன். அவ எங்க இருக்கான்னு தெரியல."

நீங்கள் லைனில் இருக்கச் சொன்னீர்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஜெராக்ஸ் மெஷினின் வெளிச்சம் போய்ப் போய் வந்தது, அதை எண்ணினேன். பதினொன்று.

"உள்ளதான் இருக்கா லோகேஷ். ஏழு ஐம்பத்தெட்டுக்குக் கைரேகை வெச்சிருக்கா. நீ எங்க இருக்க?"

கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்று எழுதியதில் ஒன்று சரியில்லை. ஃபோனில் அவள் சொன்னது கிளி இல்லை என்பது மட்டுமல்ல. "லோகு, கிளி இல்ல. நாப்பது ஏ இருக்குது. ஏறட்டா?" என்று கேட்டாள். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. "ஏறாத, நில்லு" என்றேன். அவள் நின்றாள்.

நேற்று சாயங்காலம் கேட்டேன்.

"உனக்கு நம்பர் தெரியுமா?"

"மிஸ் ஜூன் மாசமே சொல்லிக் குடுத்தாங்க."

"அப்புறம் ஏன் கிளி கிளின்ன?"

"நீதான கிளின்ன" என்றாள். தட்டிலிருந்து வெங்காயத்தை ஒவ்வொன்றாக என் தட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். "உனக்குக் கிளி புடிக்கும்னு நெனச்சேன்."

"மிஸ்டு கால் ஏன் குடுக்கல?"

"ஓடுனேன்ல. அந்த பஸ் கிளி மாதிரி நின்னு நின்னு போகல, அப்பவும் நேரமில்ல. நீ பயந்துட்டயா?"

"இல்ல."

"நான் பயந்தேன்" என்றாள். "சிக்னல்ல. அப்புறம் கண்டக்டரைக் கேட்டேன். எறங்க வேண்டிய எடம் வந்தா சொல்றேன்னாரு."

ஜனவரி 31 எழுதியதிலும் ஒன்று. அவளாகவே ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பசங்க மேட்ச் ஆடிக்கொண்டிருந்தார்கள். "ஏறி எடம் புடி, வரேன்" என்று நான்தான் சொன்னேன். ஒரு ஓவர் போட்டுவிட்டு வரலாம் என்று நினைத்தேன். டிப்போவில் அவள் ஏன் இறங்க மாட்டேன் என்றாள் தெரியுமா மிஸ்? பக்கத்து சீட்டில் கையை வைத்துக்கொண்டிருந்தாளாம். தம்பி வருவான் என்றாளாம். இதை இதுவரை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

புதுக் கண்டக்டரும் இப்போது அவளை "மேடம்" என்கிறாராம். மாவு அரைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

பதினைந்தாம் நாள். ஆர்டர் வந்துவிட்டது. மார்ச் ஒன்றிலிருந்து வேலை. காகிதத்தை மூலையோடு மூலை சேர மடித்து அடையாள அட்டை உறைக்குள் வைத்துக்கொண்டாள். அம்மா ஜிலேபி வாங்கி வந்தார். ஆர்டரை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். "பூரணி அவர்கள்" என்று வந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நிறுத்தச் சொன்னார்.

"இனி இவனுக்குத்தான் வேலை பாக்கோணும்" என்றார் அம்மா. "உன்னப் பாத்துக்கறதுக்காகப் படிப்ப உட்டவன்."

"இல்லம்மா" என்றாள் அக்கா, வாயில் ஜிலேபியோடு. "லோகு காலேஜ் போகல. டீக்கடைல இருந்தான். ஊதா சட்ட. டெய்லி."

பக்கத்து வீட்டு டி.வி. கேட்டது.

"எத்தன பேப்பர்றா ஃபெயிலு?" என்றார் அம்மா.

"அஞ்சு."

"எப்ப இருந்து?"

"மொத வருசம்."

அம்மா எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார், "சொல்லியிருந்தா நான் என்ன அடிச்சா போட்டிருப்பேன்?"

அது எனக்குத் தெரியும் மிஸ். அடிக்க மாட்டார். அதனால்தான் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

அரியர் எழுதுவதற்கு விண்ணப்பம் கொடுக்க இன்று கடைசி நாள். ஆபீஸ் ஜன்னலில் நின்று, பெயர், பதிவு எண், எத்தனை பேப்பர் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பின்னால் வரிசையில் ஜூனியர்கள் நிற்பார்கள். என்னோடு படித்தவர்கள் இப்போது கடைசி வருடம். ஹெச்.ஓ.டி. கையெழுத்து வேண்டும். ஒன்றரை வருடமாக எங்கே இருந்தாய் என்று கேட்பார். காலையிலிருந்து மூன்று தடவை பாத்ரூம் போய்விட்டேன்.

நோட்டை இன்று அக்காவிடம் கொடுத்தனுப்பச் சொன்னீர்கள். பக்கங்களைக் கிழிக்கவில்லை. முதல் பக்கத்தில் "ஒன்றும் ஆகாது" என்று எழுதியதை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதவில்லை.

பைக்கில் போகலாம் என்றிருந்தேன். சாவியைக் காணோம். அக்கா தன் பையில் வைத்திருக்கிறாள், தர மாட்டாள். காலேஜ் அட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். உன்னை யார் கூப்பிட்டார்கள் என்றேன்.

"மொத வாரம் பக்கத்துல உக்காரோணும். ஆனா நீ பெரியவன், அதனால நேரா ரெண்டாவது வாரம்" என்றாள். "ரெண்டு சீட் பின்னாடி உக்காந்துக்கறேன். பேச மாட்டேன். கண்டக்டர் கேட்டா ட்ரெய்னிங்னு சொல்லு."

"காலேஜ் உள்ள?"

"உள்ள நீ மட்டும்தான். நான் கேட்டுல நிப்பேன். எத்தன நேரமானாலும் நிப்பேன்."

நிற்பாள். எனக்குத் தெரியும்.

நோட்டைக் கேட்டுக் கையை நீட்டுகிறாள். எட்டு நாற்பது பஸ்ஸாம், போர்டைப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டுமாம். போக வேண்டும் மிஸ்